அவர்கள் இல்லாத இடத்தில் நாம் பேசுவது: தமிழ்க் கிறிஸ்தவர்களும் முஸ்லிம் அண்டை வீட்டாரும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர், முஸ்லிம்கள் சுமார் 42 லட்சம் பேர். இரண்டுமே மாநில மக்கள்தொகையில் 6 சதவீதத்தை ஒட்டி நிற்கும் சமூகங்கள். ஒரே தெருவில் வீடு, ஒரே ரேஷன் கடை வரிசை, அரசாங்கக் காகிதங்களில் 'சிறுபான்மையினர்' என்ற ஒரே பெயர். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், ஒருவருடைய நம்பிக்கையைப் பற்றி மற்றவருக்குத் தெரிந்தது மிகக் குறைவு. பெருநாளுக்குப் பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்குக் கேக் போகும். அதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை.

பிரியாணியும் கேக்கும் நல்ல விஷயங்கள்தான், அவை தொடரட்டும். ஆனால் நாம் முஸ்லிம்களை மதிக்கிறோமா என்பது முஸ்லிம் யாரும் இல்லாத இடத்தில்தான் தெரியவரும். ஜெபக்கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, சபை வாட்ஸப் குழுவில், சில சமயம் பிரசங்க மேடையிலேயே நாம் அவர்களைப் பற்றி என்ன பேசுகிறோம்? பேசுவது உண்மையா? கிறிஸ்தவர்களாகிய நமக்கு இதில் தனியாக ஒரு கட்டளையே உண்டு: "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக." இந்தப் 'பிறன்' நம் மதத்துக்காரர் மட்டும்தானா என்று கேட்பவர்கள் லூக்கா 10ஆம் அதிகாரத்துக்குப் போகலாம். அங்கே 'எனக்குப் பிறன் யார்' என்று கேட்ட யூத வேத அறிஞருக்கு இயேசு முன்னுதாரணமாகக் காட்டியது ஒரு சமாரியனை. யூதர்கள் கை நனைக்காத வீட்டுக்காரன், வேறு மலையில் வேறு விதமாய் வணங்கியவன்.

பொய்ச்சாட்சி பெரும்பாலும் பழங்கதையில் இருந்து தொடங்குகிறது. தமிழகக் கடற்கரையில் கத்தோலிக்கம் வேரூன்றிய கதையை எடுத்துக்கொள்வோம். 1530களில் முத்துக்குளித்துறையில் பரதவர்களுக்கும் காயல்பட்டினம், கீழக்கரை பகுதி முஸ்லிம் வணிகர்களுக்கும் முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாகக் கடும் பகை மூண்டது. பரதவத் தலைவர்கள் கொச்சிக்குப் போய் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள், அதோடு ஞானஸ்நானமும் பெற்றார்கள். அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே சுமார் 20,000 பேர் கிறிஸ்தவர்களானதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1538இல் ராமேசுவரத்துக்கு அருகே வேதாளையில் நடந்த சண்டையில், கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் தரப்பில் நின்ற மரைக்காயர்களின் கப்பற்படையைப் போர்த்துக்கீசியர் முறியடித்தார்கள். புனித சவேரியார் வந்து சேர்ந்தது 1542இல்.

இந்தக் கதையை நம் பக்கத்தில் சொல்லும்போது 'முஸ்லிம்களின் கொடுமையிலிருந்து விடுதலை' என்று முடித்துவிடுவது வழக்கம். பரதவர் பட்ட துன்பம் நிஜம், அதை மறைக்க வேண்டியதில்லை. அதே கடலில் போர்த்துக்கீசியர் முஸ்லிம் கப்பல்களை மறித்துக் கொள்ளையிட்டதும், தங்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் வாணிபம் செய்யக் கூடாது என்று மிரட்டியதும் நிஜம். பல நூற்றாண்டாக அரபு நாடுகளோடு வணிகம் செய்து வாழ்ந்த காயல்பட்டினத்து முஸ்லிம்களுக்கு அது பிழைப்பே போன காலம். சண்டை முத்துக்காகவும் கடலுக்காகவும் நடந்தது. மதம் பின்னால் வந்து அதற்குக் கொடி கட்டியது. இன்று காயல்பட்டினத்தை ஒட்டியே கொம்புத்துறை என்ற கத்தோலிக்க மீனவர் ஊர் இருக்கிறது. 500 வருடப் பழைய பகையைப் பாதிக் கதையாகவே சொல்லிச் சொல்லிப் பிள்ளைகள் தலையில் ஏற்றுவது, இன்றைக்கு அந்த ஊர்களில் அடுத்தடுத்து வாழ்பவர்களுக்குச் செய்யும் துரோகம்.

பழங்கதையைவிட வேகமாகப் பரவுவது புதுக்கதை. 2021 செப்டம்பரில் கேரளத்தின் பாலா மறைமாவட்ட ஆயர், கத்தோலிக்க இளைஞர்களைக் குறிவைத்து 'போதைப்பொருள் ஜிகாத்' நடக்கிறது என்று பேசினார். முதலமைச்சர் பினராயி விஜயன் போதைப்பொருள் வழக்குகளின் புள்ளிவிவரத்தை வெளியிட்டு, அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்றார். அதற்கு முந்தைய ஆண்டே, 2020 பிப்ரவரியில், 'லவ் ஜிகாத்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் வரையறை கிடையாது, மத்திய விசாரணை அமைப்புகள் அப்படி எந்த வழக்கையும் தெரிவிக்கவில்லை என்று மத்திய உள்துறை இணையமைச்சர் மக்களவையிலேயே பதில் சொல்லியிருந்தார். ஆனாலும் அந்தச் சொற்கள் எல்லை தாண்டி நம் சபைகளின் வாட்ஸப் குழுக்களுக்கு வந்து சேர்ந்தன, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

பாலா ஆயர் பேசிய அதே வாரத்தில் கேரளத்தின் குறவிலங்காட்டில் நடந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதிரியார் முஸ்லிம்களுக்கு எதிராகப் பிரசங்கம் செய்தபோது, அங்கிருந்த கன்னியர்கள் சிலர் திருப்பலியின் நடுவிலேயே எழுந்து வெளியேறினார்கள். பிறகு ஊடகங்களிடமும் அதை வெளிப்படையாகச் சொன்னார்கள். நம்மில் எத்தனை பேர் இதைச் செய்வோம்? எழுந்து போகும் துணிவு எல்லோருக்கும் வராது, சரி. வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்தால் 'இது எங்கே நடந்தது, எப்போது, யார் சொன்னது?' என்று ஒரு வரி எழுதவாவது முடியும். பத்து பேர் பார்த்துவிட்டு மௌனமாக இருக்கும் இடத்தில் ஒருவர் கேட்டால் போதும், அடுத்த முறை அனுப்புகிறவர் கொஞ்சம் யோசிப்பார்.

'உண்மையாகவே முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள் கிறிஸ்தவர்களைக் கொன்றால் என்ன செய்வது?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தமிழ் பேசும் கிறிஸ்தவர்களுக்கு அது புத்தகக் கேள்வியும் இல்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் சபை, கூடவே கொழும்பின் பெரிய ஹோட்டல்கள். தற்கொலைக் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோன் சபையில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே நின்ற குழந்தைகளும் உண்டு. அங்கே அழுதவர்களும் புதைத்தவர்களும் தமிழர்கள். இந்த வலியைத் தாண்டிப் போகச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

அந்த வலியின் நடுவிலும் எது உண்மை என்று பார்த்தாக வேண்டும். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் மட்டக்களப்புக்குச் சற்றுத் தெற்கே உள்ள காத்தான்குடிக்காரர். அவருடைய முதல் பகை அந்த ஊர் முஸ்லிம்களோடுதான். 2017இல் அவரது ஆட்கள் சூஃபி வழி முஸ்லிம்களைத் தாக்கினார்கள், அதன்பின் அவர் தலைமறைவானார். உள்ளூர் முஸ்லிம்கள் அவரைப் பற்றி அதிகாரிகளிடம் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள். தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, குண்டுதாரிகளின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. முன்கூட்டியே உளவுத் தகவல் வந்தும் தடுக்கத் தவறியதற்காக, 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது.

ஆனால் தெருவில் விலை கொடுத்தவர்கள் வேறு யாரோ. 2019 மே மாதத்தில் மினுவாங்கொடை, குருநாகல், புத்தளம் பகுதிகளில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் வீடுகளும் தாக்கப்பட்டன. ஒரு தச்சுத் தொழிலாளி அவருடைய வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த பாகிஸ்தானிய அகதிகள் துரத்தப்பட்டார்கள். அவர்களில் பலர் தங்கள் நாட்டில் துன்புறுத்தப்பட்டுத் தப்பி வந்த அஹ்மதியா பிரிவினர், சிலர் கிறிஸ்தவர்களும்கூட. கர்தினால் மல்கம் ரஞ்சித் முஸ்லிம்கள்மேல் கை வைக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார், நீர்கொழும்பில் கைகலப்பு நடந்த இடத்துக்கு நேரில் போனார். அந்தக் குரல் இல்லாமல் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கணக்கிலும் ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டும். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எல்லோரையும், சில இடங்களில் சில மணி நேர அவகாசத்தில், விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அதைச் செய்தது கிறிஸ்தவம் இல்லைதான். ஈஸ்டர் குண்டுகளை வெடிக்கச் செய்தது காத்தான்குடி மீன் வியாபாரியும் இல்லை. ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் முதல் வாக்கியத்தைத் தனக்காகக் கேட்கும்போது, இரண்டாவதை அந்த மீன் வியாபாரிக்காகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்.

அப்புறம் நம்பிக்கை பற்றிய பேச்சு. 'எல்லா மதமும் ஒன்றுதான்' என்று சொல்லி நழுவுவதை மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். முஸ்லிமும் அதை நம்புவதில்லை, கிறிஸ்தவரும் நம்புவதில்லை. இருவரும் நம்பாத ஒன்றைப் பேசி எப்படி நட்பு வளரும்? குர்ஆனின் 19ஆவது அத்தியாயத்துக்கே மர்யம், அதாவது மரியாள், என்று பெயர். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தான். ஈசா நபி (இயேசு) கன்னியிடம் பிறந்தார், நோயாளிகளைக் குணமாக்கினார், மசீஹ் (மெசியா) அவரே, மீண்டும் வருவார் என்றெல்லாம் முஸ்லிம்கள் நம்புகிறார்கள். ஆனால் அவர் இறைவனின் மகன் என்பதையும் சிலுவையில் மரித்தார் என்பதையும் ஏற்பதில்லை. இந்த வேறுபாடு சின்னதில்லை, நம் நம்பிக்கையின் நடு மையத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு சிறு தெளிவு பெரிய உதவி செய்யும். இயேசு தேவனுடைய குமாரன் என்று நாம் சொல்லும்போது பல முஸ்லிம்களுக்குக் கேட்பது, கடவுள் ஒரு பெண்ணோடு சேர்ந்து பிள்ளை பெற்றார் என்ற பொருளில். அதை அவர்கள் இறைநிந்தனையாகக் கருதுகிறார்கள். 'அப்படி ஒரு நம்பிக்கை எங்களுக்கும் கிடையாது' என்று நாம் முதலில் சொல்லிவிட்டால் பாதி இறுக்கம் தளரும். மீதிப் பாதி வேறுபாடு அப்படியே இருக்கும். இருக்கட்டும். அதே போல நபிகள் நாயகத்தைப் பற்றி நாம் நம்பாததை நம்புவதாக நடிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் உயிருக்கு மேலாக நேசிக்கும் ஒருவரைக் கேலி செய்யும் எந்தப் பேச்சிலும் நமக்குப் பங்கு இருக்கக் கூடாது. "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லுங்கள் என்பது பேதுரு நமக்கு எழுதியது. குர்ஆனும் (29:46) வேதம் பெற்றவர்களோடு அழகிய முறையில் அன்றி விவாதிக்காதீர்கள் என்கிறது. யூடியூபில் ஓடும் கிறிஸ்தவ–முஸ்லிம் விவாதங்களில் பலவற்றை இந்த இரண்டு வசனத்துக்கும் முன்னால் நிறுத்த முடியாது.

இதற்கு நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது 1219இல் நடந்ததை. ஐந்தாம் சிலுவைப் போர், எகிப்தின் தமியாத்தா நகர முற்றுகை. அசிசியின் பிரான்சிஸ் ஒரே ஒரு சகோதரரை அழைத்துக்கொண்டு, ஆயுதம் இல்லாமல் எதிரி முகாமுக்குள் நடந்து போய் சுல்தான் அல் காமிலைச் சந்தித்தார். சுல்தான் மதம் மாறவில்லை, பிரான்சிஸும் மாறவில்லை. உயிரோடும் மரியாதையோடும் திருப்பி அனுப்பப்பட்டார். இரண்டு ஆண்டு கழித்து, 1221இல் தன் சபைக்கு எழுதிய விதிகளில், முஸ்லிம்கள் நடுவே வாழப் போகும் சகோதரர்களுக்கு அவர் முதல் வழியாகச் சொன்னது: வாக்குவாதம் செய்யாதீர்கள், கடவுளுக்காக எல்லோருக்கும் பணிந்து வாழுங்கள், கிறிஸ்தவர்கள் என்று ஒத்துக்கொள்ளுங்கள். நற்செய்தி சொல்வது இரண்டாவது வழியாகத்தான் வருகிறது, அதுவும் கடவுளுக்குச் சித்தம் என்று தெரிந்தால். சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் எழுதியது இது. கத்தோலிக்கத் திருச்சபை முஸ்லிம்களை மதிப்போடு நோக்குகிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவிக்க இன்னும் 700 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

நற்செய்தி சொல்லும் உரிமை நமக்கு உண்டு, அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவே அதைத் தருகிறது. அதே பிரிவு அவர்களுக்கும் தருகிறது. முஸ்லிம் நண்பர் இஸ்லாமைப் பற்றி ஒரு சிறு புத்தகம் கொடுத்தால் முகம் சுளித்துக்கொண்டு, நாம் கொடுக்கும் துண்டுப்பிரசுரத்தை மட்டும் அவர் புன்னகையோடு வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அன்றாட வாழ்க்கையில் தெரிந்திருக்க வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. கிறிஸ்துமஸ் கேக்கில் ரம்மோ ஒயினோ சேர்த்திருந்தால் முஸ்லிம் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், 'கொஞ்சம்தான்' என்று சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். வீட்டுக்குச் சாப்பிட அழைத்தால் கறியை ஹலால் கடையில் வாங்கியதாகச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் சைவமாகச் சமையுங்கள், அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆலய அசனத்துக்கு (பொது விருந்துக்கு) வர அவர் தயங்கினால் வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள். 2025இலும் 2026இலும் ரமலானும் நம் தவக்காலமும் ஒன்றோடொன்று சேர்ந்து வந்தன. விடியலுக்கு முந்தைய சஹரிலிருந்து சூரியன் மறையும் மஃரிப் வரை பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் இருப்பவர் பக்கத்தில் நாம் வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாமல் இருக்கிறோம். இரண்டு நோன்பைப் பற்றியும் உட்கார்ந்து பேச அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

சாவு வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனதோடு போயும் நாம் தடுமாறுவது அங்கேதான். வெளியூரில் இருந்து பிள்ளைகள் வரட்டும் என்று உடலை இரண்டு நாள் வைத்திருப்பது நம் பழக்கம். முஸ்லிம் வீட்டில் முடிந்தவரை சீக்கிரம், பெரும்பாலும் அன்றைக்கே, அடக்கம் முடிந்துவிடும். சாயங்காலம் வேலை முடிந்து போகலாம் என்றிருந்தால் வெறும் வீட்டுக்குத்தான் போவீர்கள். மாலை, மலர்வளையம் எதுவும் வேண்டாம். உடலைச் சுமந்து செல்லும் சந்தூக்கின் பின்னால் நடந்து போகலாம், ஜனாஸா தொழுகையின்போது ஒதுங்கி அமைதியாக நிற்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இறந்தவர் கணவர் என்றால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்ற துக்க காலம் இருப்பார். அந்த நாட்களில் அவர் பொதுவாக வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, அந்நிய ஆண்கள் முன்னால் வருவதையும் தவிர்ப்பார். 'அக்காவைப் பார்த்து ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறேன்' என்று ஆண்கள் நிற்கக் கூடாது. அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்கள் போய் உட்கார்ந்து பேசினால் அந்த நீண்ட நாட்கள் அவருக்குக் கொஞ்சம் லேசாகும்.

உரிமைத் தகராறுகளும் வரும். கொச்சிக்கு அருகே முனம்பத்தில் 404 ஏக்கர் நிலம் வக்ஃபுக்கு (இஸ்லாமிய அறக்கொடைக்கு)ச் சொந்தம் என்ற வழக்கில், பெரும்பாலும் லத்தீன் கத்தோலிக்கர்களான சுமார் 600 குடும்பங்கள் வீட்டை இழக்கும் பயத்தில் போராடினார்கள். அந்தப் போராட்டம் நியாயமானது. விலை கொடுத்து வாங்கிய மண்ணில் இருந்து மீனவரை யாரும் எழுப்பக் கூடாது. 2024 நவம்பரில் முஸ்லிம் லீக் தலைவர்கள் லத்தீன் ஆயர்களைச் சந்தித்து, குடியிருப்போரை வெளியேற்றக் கூடாது என்றே சொன்னார்கள். வக்ஃபு வாரியத்தோடு உள்ள வழக்கை ஒரு சமூகத்தோடு உள்ள பகையாக மாற்றத் துடித்தவர்களுக்கு அந்தச் சந்திப்பு பிடிக்கவில்லை. ஒரே பக்கத்தில் நிற்க வேண்டிய வழக்கும் நமக்கு இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் பட்டியல் சாதித் தகுதிக்கு வெளியே நிற்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தில் அந்த வழக்கு 2004 முதல் நடக்கிறது. நம் சபைகளில் எத்தனை பேருக்கு அதில் முஸ்லிம்களும் கூட இருப்பது தெரியும்?

கடைசியாக, நம் பள்ளிக்கூடங்கள். கிறிஸ்தவர்கள் அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்க, முஸ்லிம்கள் தங்கள் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் இடம் அது. தமிழ்நாட்டில் எத்தனையோ முஸ்லிம் குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக மிஷன் பள்ளிகளில் படித்தவை, அந்த நன்றியை அவர்கள் வாய் திறந்து சொல்கிறார்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு சொல்கிறது. சட்டம் கேட்பது அவ்வளவுதான். நாம் அதைவிடக் கொஞ்சம் கூடச் செய்யலாம். காலை ஜெபத்தின்போது கண்ணை மூடாமல் நிற்கும் பிள்ளையை யாரும் முறைக்காமல் பார்த்துக்கொள்வது, தலையில் துணி போட்டு வரும் சிறுமியை வகுப்பு முன்னால் நிறுத்தி விசாரிக்காமல், பேச வேண்டியதைச் சேர்க்கையின்போதே பெற்றோரிடம் பேசிவிடுவது, வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும் பெரிய பையன்களுக்கு மதிய இடைவேளையைக் கொஞ்சம் முன்பின் நகர்த்துவது. ரமலானில் விளையாட்டுப் பீரியடை மத்தியான வெயிலில் இருந்து காலைக்கு மாற்ற நிர்வாகக் கூட்டம்கூடத் தேவையில்லை, தலைமையாசிரியர் நினைத்தால் போதும்.